பட்டினிக் காடு

உரம் எதுவுமே போடாமல் விட்ட பைன் மரங்கள்தான் அந்த ஆண்டு மலையில் எல்லாவற்றையும்விட உயரமாக வளர்ந்தன. அதே ஆண்டு, அந்த மரங்களை ஒட்டியிருந்த வீட்டில் தையல்காரி நான்கு விரற்கடை குள்ளமானாள். மழை வழக்கம்போல் பெய்தது.

அவள் கணவர் மரக் கம்பெனியின் மண் பரிசோதகர். எங்கள் மலை மண் வெறும் சக்கை. அதில் பைன் எதைத் தின்று வளரும் என்று கண்டுபிடிக்கத்தான் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்குப் பாஸ்பேட், ஒன்றுக்கு இரண்டும் என்று கொடுத்தார். ஒரு துண்டுக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாது. அப்படி ஒன்று இருந்தால்தானே மற்றவை உரத்தால் வளர்ந்தனவா, தாமாக வளர்ந்தனவா என்று தெரியும்? எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஒன்றுமில்லாத சீட்டு அவர் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கத்துத் துண்டுக்கு விழுந்தது. அதற்கு நாங்கள் பட்டினிக் காடு என்று பேர் வைத்தோம். மனிதருக்கு ஒரே சந்தோஷம். கண்ணெதிரே இருந்தால் காவல் காக்கலாம் அல்லவா! ஆட்டுப் புழுக்கைகூட விழாதபடி வேலி போட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றக் கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

யூரியா தின்ற மரங்கள் கருகருவென்று வளர்ந்து, பாஸ்பேட் போதாமல் பாதியில் நின்றுவிட்டன. பாஸ்பேட்டும் கொடுத்தபோது, ஒரு சிட்டிகை போராக்ஸ் உப்பு இல்லாமல் நுனி கருகின. எது குறைகிறதோ அந்த ஒன்றைக் கேட்டுத்தான் மரம் அடம்பிடிக்கும். மற்றதை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பட்டினிக் காடோ சில ஆண்டுகள் மஞ்சள் பாரித்து, இடுப்பு உயரத்தில் பரிதாபமாக நின்றது. பிறகு ஒரு மழைக்காலம் முடிந்ததும் கிடுகிடுவென்று வளர ஆரம்பித்தது.

தையல்காரி நாள் முழுக்கப் பின்னறையில் வெறுங்காலோடு மெஷின் மிதிப்பவள். முதலில் மிதிகட்டை எட்டாமல் போனது. பிறகு ரவிக்கை தோளிலிருந்து நழுவியது. தரையில் பாதம் படும் இடத்தில் சிமெண்ட் வெடித்து, நூல்போல வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. பெருக்கித் தள்ளினாள். மறுநாள் திரும்ப வந்தன.

"என்னங்க, டேப் நீண்டுடுச்சா, நான் சுருங்கிட்டேனா?" என்று கேட்டாள்.

அவர் புது டேப் வாங்கி வந்தார். அதுவும் அதையே சொன்னது. மெஷினை முன்னறைக்கு மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் வேர்களும் முன்னறைக்கு வந்துவிட்டன. பட்டினிக் காட்டின் ஊசியிலைகளைப் பறித்துச் சோதித்துப் பார்த்தார். அந்த மண்ணில் மருந்துக்கும் இல்லாத சுண்ணாம்பும் இரும்பும் இலையில் இருந்தன. எங்கிருந்து வந்தன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் மறைக்கவும் இல்லை.

"கடைசி அளவு ஒண்ணுதான் பாக்கி. இப்பப் போய் உரம் போட்டா இத்தனை வருஷ வேலையும் வீண். அது முடிஞ்சதும் நானே அள்ளிப் போட்டுடறேன்."

"மரத்துக்கா, எனக்கா?" என்று அவள் சிரித்தாள்.

அவளுடைய அண்ணன் கம்பெனியில் உரம் தூவும் டிராக்டரை ஓட்டுகிறவன். அடுத்த ஆண்டு மகளுக்குப் பாவாடை தைக்கத் துணி கொண்டுவந்தபோது, பாதியாகச் சுருங்கிப்போன தங்கை பெட்டிமேல் ஏறி நின்று துணி வெட்டுவதைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, உங்களுக்கு மரம் பெருசா, என் தங்கச்சி பெருசா?"

"கொஞ்சம் பொறுங்க மச்சான்."

அண்ணன் பொறுக்கவில்லை. பட்டப்பகலில் வேலியை இடித்துக்கொண்டு டிராக்டரை உள்ளே விட்டு, கொட்டகையில் இருந்த அத்தனை உரத்தையும் பட்டினிக் காட்டில் தூவினான். அந்த வாரமே வேர்கள் தரைக்குள் இழுத்துக்கொண்டன. தையல்காரி சுருங்குவது நின்றது. போன உயரம் திரும்பவில்லை; அவள் தலை மெஷின் மேசைக்குச் சரியாக இருந்தது. பரிசோதகர் உடைந்த வேலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவிக்காக அழுதாரா, மரத்துக்காகவா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மேனேஜர் வந்தார். கடைசி அளவு இல்லாவிட்டால் என்ன, அதுவரை எடுத்த அளவுகளே போதும் என்றார். அந்த அளவுகளை நம்ப வேண்டாம் என்று பரிசோதகர் மனைவியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

"எனக்கு மரத்தோட உயரம் போதும். உங்க வீட்டம்மா உயரம் எதுக்குய்யா?"

உரமே போடாத மரம்தான் நன்றாக வளர்கிறது என்று முடிவாயிற்று. மலை முழுக்க உரத்தை நிறுத்தினார்கள். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

"நீங்க சரியாத்தாங்க அளந்தீங்க. என்னைத்தான் அதுல சேர்க்கல" என்றாள் தையல்காரி.

முதலில் அண்ணனுக்கு டிராக்டரின் கிளட்ச் எட்டவில்லை. பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதத் தொடங்கினார். தச்சர் வீடு வீடாகப் போய்த் தாழ்ப்பாளை இறக்கிப் பொருத்தினார்; அடுத்த ஆண்டு வாசல் நிலைச்சட்டத்தையே இறக்கிக் கொடுத்தார். உயரமான கதவுக்கு மரத்தை வீணாக்குவானேன் என்று கதவையும் சின்னதாகச் செய்தார். தையல்காரிக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை: ஊரே பழைய துணியைப் பிடித்துத் தைத்துக்கொள்ள அவளிடம் வந்தது. அண்ணன் ஒரு தரம் போட்ட உரம் அவள் வீட்டை மட்டும் சில காலம் தாங்கியது. அதற்குள் நாங்கள் எல்லோரும் இறங்கி அவள் உயரத்துக்கு வந்துவிட்டோம். நாள் முழுக்கச் சரிவில் திரிந்த பரிசோதகரும் தப்பவில்லை; அவரும் அவளும் தோளோடு தோள் உரச நடந்து போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வெயில் உச்சிப்பொழுதில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. காலடியில் வேர் நெளிந்தால் பாதத்தை எடுத்து அடுத்த இடத்தில் வைத்துக்கொள்கிறோம். மரம் வாங்க வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் அவர்கள் இடுப்பு வளையக் குனிந்துதான் உள்ளே நுழைகிறார்கள். என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம்.