கும்பிட்டவர்களுக்கு நல்ல வண்டி

எங்கள் பஸ் டிப்போ அரசாங்கத்துடையது. மேனேஜரின் மாமனார் வீட்டுச் சீதனம் இல்லை. ஆனால் இந்தப் புது மேனேஜர் வந்ததும் முதலில் செய்த காரியம், வண்டிச் சாவிகள் தொங்கும் பலகையைக் கழற்றித் தன் அறையில், தன் சாமி படத்துக்குக் கீழே மாட்டியதுதான். காலையில் அங்கே பிரார்த்தனை. முடிந்ததும் அவர் கையாலேயே சாவி கொடுப்பார். நின்று கும்பிட்டவர்களுக்கு நல்ல வண்டி. வராதவர்களுக்கு மிச்சம்.

வராதவள் நான் ஒருத்திதான். எனக்கும் சாமி உண்டு, அது என் வீட்டில் இருக்கிறது. சம்பளம் வாங்கும் இடத்தில் இன்னொருத்தர் சாமியை நான் ஏன் கும்பிட வேண்டும்? அதனால் தினமும் எனக்கு மிஞ்சுவது ஒரு ஓட்டை வண்டிதான். பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். வேலை போய்விடுமே என்று ஓட்டினேன். மெக்கானிக்கைக் கேட்டால், "பார்ட்ஸ் வரலக்கா" என்பார்.

"ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிட்டு நில்லேன்மா. உன் சொத்தா பறிபோகுது?" என்பார் சீனியர் டிரைவர் அண்ணன். என்னைப் போலவே அவரும் மேனேஜர் மதம் இல்லை. ஆனாலும் முதல் வரிசையில் நிற்பார். புது வண்டி ஓட்டுவார்.

நேற்று இறக்கத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரத்தில் உரசி எப்படியோ நிறுத்தினேன். சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

இன்று காலை பிரார்த்தனை நடக்கும்போதே உள்ளே போனேன்.

"அந்த வண்டியை இனிமே நான் தொட மாட்டேன் சார். மதத்தைப் பார்த்து வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இது ஆபீஸ். உங்க வீட்டு சாமி ரூம் இல்ல."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் யாரையாவது கட்டாயப்படுத்தினேனா? எல்லாரும் அவங்களா வர்றாங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் நம்பிக்கை இல்ல. வீட்டுக்குப் போ, சஸ்பென்ஷன் ஆர்டர் வரும்."

"நல்லா இருக்குன்னா, கும்பிட்டவங்கள்ல ஒருத்தர் ஓட்டட்டுமே!"

"தாராளமா." அந்தச் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

அண்ணன் சாவியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. சாவியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம் சார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அந்த வண்டியில் பிரேக் பிடிக்காது என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் நல்ல சாவியை வாங்கிக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எனக்கும் ஒரு பையன் இருக்கான்ணே," என்றேன். "தினமும் கண்ணை மூடிட்டு நின்னீங்களே, ஒரு நாளாவது அவனை நினைச்சீங்களா?"