பதினெட்டு விரல்

"இனிமே மெஷின் ஸ்விட்சைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"தொடல."

"அரைகுறையா சொல்லாதீங்க. முழுசா சொல்லுங்க."

"இனிமே நான் மெஷின் ஸ்விட்சைத் தொடமாட்டேன். போதுமா? அப்ப யாரு தொடுறது, எதிர்வீட்டுப் பூனையா?"

"நான் தொடுறேன்."

மருந்து வாடை அடிக்கும் மருத்துவமனை நடைவழியில், ஒரு நீள பெஞ்சில் நடந்த இந்தப் பேச்சுக்கு இப்போது மூன்று வயது. அன்று அவள் கணவருடைய இடது கை பந்துபோல் கட்டப்பட்டு மடியில் கிடந்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பாதிதான் மிச்சம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நிலையிலும் பூனையை இழுத்துப் பேச அவரால் முடிந்தது. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கேட்டது கிடைத்த பிறகும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. நாலு மாதமாக அதே யோசனை. என்னால் முடியவில்லை, மெஷினை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தினமும் அது தொண்டைவரை வந்து, வாசல்படியில் தயங்கி நிற்கும் விருந்தாளியைப்போல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

மெஷின் இருந்தது வீட்டின் பின்னறையில். ஒரு காலத்தில் துணி துவைத்த அறை. பெரிய தொழிற்சாலைகளில் ஆளுயரத்துக்கு மேல் நின்று உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கு இது கடைசித் தம்பி. கனமான மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு தலை. தலையிலிருந்து கீழ்நோக்கி நீளும் கட்டர், பம்பரமாய்ச் சுற்றும். கீழே வைஸ் என்கிற இரும்பு இடுக்கி கவ்விப் பிடித்திருக்கும் உலோகத் துண்டை, கைச்சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி அந்தக் கட்டருக்குள் ஊட்ட வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலத்தான். அவசரப்பட்டால் துப்பிவிடும்.

அவர் இருபது வருடம் பெரிய தொழிற்சாலையில் இந்த வேலையைப் பார்த்தவர். கையுறை போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் வந்தால், வந்தவன் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார். துணி கட்டரில் மாட்டினால் துணி மட்டும் போகாது, கையையும் கூட்டிக்கொண்டு போகும் என்பார். அப்படிப்பட்டவர், சொந்த மெஷின் வாங்கிய இரண்டாம் வருடம், அலுமினியச் சுருள் விரலில் குத்துகிறது என்று ஒரே ஒரு நாள் பழைய துணிக் கையுறையை மாட்டிக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் அவர் பின்னறைக்குப் போய், ஒற்றைக் கையால் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். விற்கிற பேச்சு அதோடு போயிற்று. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் கற்றுக்கொண்டாள்.

வேலை தொடங்குமுன் மோதிரத்தைக் கழற்றிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். முடியை இறுக்கி முடிந்து தொப்பிக்குள் தள்ளுவாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வாள். அவர் துண்டை வைஸில் வைத்து இறுக்கி, சிதறல் தெறிக்காமல் முன்னால் இருக்கும் கண்ணாடி மூடியை இறக்கிவிடுவார். கட்டர் மாற்றினால், மெஷின் தலைமேல் இருக்கும் போல்ட்டை ஸ்பானரால் இறுக்கிவிட்டு, அந்த ஸ்பானரைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி பதில் நடக்கும். "வைஸ்?" என்று அவள் கேட்பாள். இறுக்கியாச்சு. "கண்ணாடி?" போட்டாச்சு. "ஸ்பானர்?" என் பையில. கடைசியாக, "பதினெட்டு?" என்பாள். அவளுக்குப் பத்து, அவருக்கு எட்டு. "பதினெட்டும் பத்திரம், முதலாளியம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் பச்சைப் பொத்தானை அழுத்துவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை.

சமையலை அவர் எடுத்துக்கொண்டார். உப்பு மட்டும் இன்னும் அவர் கைக்கு அடங்கவில்லை. ஒரு நாள் கடல், மறுநாள் குளம். அவளும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள், வாயைத் திறக்கவும் தெம்பு வேண்டுமே. சிமெண்டுத் தரையில் எட்டு மணி நேரம் நின்று நின்று கெண்டைக்கால் இரண்டும் கல்லாகியிருந்தன. வலது தோளில் யாரோ நிரந்தரமாகக் குடிவந்து உட்கார்ந்திருந்தார்கள். படுத்தால் தூக்கம் வராது. நின்றால் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. தம்பி வெங்காயம் நறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலை மெஷின் எடுத்துச்சு, மிச்சம் எட்டை நீ கட்டிப்போட்டுட்ட" என்று அவளிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே அக்காவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். அதில் உப்பே இல்லை என்று அக்கா ஆரம்பிக்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவளுக்கு மட்டும் அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாய் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது போய் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், நாத்தனார் சொன்னதற்குப் பயந்து சொன்னதாகாதா? அதுகூடப் போகட்டும். அவருக்கு அந்த மெஷின்மேல் பயம் என்று அவள் நினைத்தாள். அது ஓடும்போது அவர் ஒரு தடவைகூடக் கட்டரைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பயந்தவரைப் பிடித்துத் தள்ளுவதா? தள்ளி, மிச்சமிருக்கும் எட்டுக்கும் ஏதாவது வந்தால்?

இன்று அறுபது துண்டு முடிக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலி செய்கிறவர் ஒருவர் கொடுத்த வேலை. கால் வைக்கும் பலகையைத் தாங்கும் அலுமினியத் தகடு, ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தோராவது துண்டில் நின்றாள். நாற்பதாவதிலேயே மெஷினின் சத்தம் மாறிவிட்டது. கட்டர் வெட்டுவதை விட்டுவிட்டு முனக ஆரம்பித்திருந்தது. மழுங்கிப்போச்சு, மாத்தணும் என்று அவர் எழுந்து பையிலிருந்த ஸ்பானரை மேஜைமேல் எடுத்து வைத்தபோது வாசல் மணி அடித்தது. நாற்காலிக்காரர்தான். முடிந்தவரைக்கும் வாங்கிப்போகலாம் என்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். அவருக்கு எப்போதும் காலில் கஞ்சி கொட்டின அவசரம். முடிந்த தகடுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கணவர் வாசலுக்குப் போனார்.

வாசல் பேச்சு சீக்கிரம் முடிகிற மாதிரி தெரியவில்லை. சும்மா நின்றால் கண் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். கட்டரைத் தானே மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். அவர் மாற்றுவதை நூறு தடவை பார்த்தவள். ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டித் தளர்த்தி, பழையதைக் கந்தல் துணி சுற்றி எடுத்து, புதியதைச் செருகி, மறுபடி இறுக்கினாள். நன்றாகவே செய்தாள். நாற்பத்தோராவது தகட்டை வைஸில் வைத்து இறுக்கினாள். முன்னால் இருந்த கண்ணாடி மூடியை இறக்கிவிட்டாள்.

"வைஸ்?" என்றாள்.

இறுக்கியாச்சு, என்று தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி? போட்டாச்சு. ஸ்பானர்? என் பையில.

வாய் தன்பாட்டில் சொல்லிற்று. மூன்று வருடமாகக் காது கேட்டுப் பழகிய பதில். அவள் சட்டையில் பையே கிடையாது என்பதுகூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பதினெட்டும் பத்திரம், என்று முடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

தலைக்கு மேலே 'டணார்' என்று ஒரு சத்தம். ஏதோ ஒன்று அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பின்னால் ஜன்னல் கண்ணாடி உடைந்து தரையில் சிதறியது. என்ன நடந்தது என்று புரியவில்லை. கட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுடைய ஒரு கை வைஸ் பக்கம் அப்படியே நின்றுவிட்டது, எடுக்க வேண்டும் என்று தோன்றினாலும் கை கேட்கவில்லை. அப்போது வாசல் பக்கமிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது, அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டு வந்தது. பாதி விரல்கள் உள்ள இடது கை. அந்த உள்ளங்கை சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தது.

கட்டர் மெதுவாகச் சுற்றி, இன்னும் மெதுவாகச் சுற்றி, நின்றது.

"என்ன சார் உடைஞ்சுது?" என்று வாசலிலிருந்து நாற்காலிக்காரர் குரல் கொடுத்தார்.

"ஜன்னல்தான். நீங்க எண்ணிட்டிருங்க" என்றார் இவர். அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். தொப்பியைக் கழற்றி, காதைத் திருப்பிப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து விரல் விரலாக எண்ணினார். பத்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

போல்ட்டிலிருந்து எடுக்காமல் அவள் அப்படியே விட்டிருந்த ஸ்பானர், உடைந்த ஜன்னலுக்கு வெளியே, வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் போய் எடுத்து வந்து பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் ஏதோ ஞாபகம் வந்தவர்போல் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

"தொட்டுட்டேன்" என்றார்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஸ்விட்சை. உன்கிட்ட சொல்லியிருந்தேன், தொடமாட்டேன்னு. தொட்டுட்டேன்."

திருட்டுத்தனமாக எதையோ தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல் அதைச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மனுஷனை என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியாமல் கண்ணில் போய் நின்றது.

"பயமா இல்லையா உங்களுக்கு, அதுகிட்ட கையைக் கொண்டுபோக?" என்று கேட்டாள்.

"அதைப் பாத்து எனக்கென்ன பயம்? அதை எனக்குத் தெரியும். உன்னைப் பாத்துதான் பயம். நின்னுக்கிட்டே தூங்குற. நாலு மாசமாப் பாக்குறேன். எந்த நிமிஷம் சாய்வியோன்னு உன் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறேன்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? சத்தியம் வாங்கினது நீ. திருப்பிக் குடுன்னு நானா கேக்குறது?"

வாசலில் நாற்காலிக்காரர் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிற சத்தம் கேட்டது. உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று நேராக அவள் முகத்தில் வந்து பட்டது. இந்த அறையில் காற்று வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தரையில் கண்ணாடித் துண்டுகள். கூட்ட வேண்டும் என்று நினைத்தாள், எழவில்லை. அவர் விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். முழு விரல்கள் மூன்றும் பாதி விரல்கள் இரண்டும் பிடியை ஒழுங்காகத்தான் பிடித்திருந்தன. மூன்று வருடமாக வைஸை இறுக்கின கை, அரத்தால் பிசிறு தேய்த்த கை. அந்தக் கைக்கு எது முடியும், எது முடியாது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்னங்க" என்றாள்.

"இரு, காலைக் கீழ வைக்காதே. கண்ணாடி இருக்கு."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். இங்க வாங்க."

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அவள் கையை நீட்டி, அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னால முடியலங்க. மெஷினை நீங்க எடுத்துக்கோங்க."