குளித்துக்கொண்டிருந்தவன்

முகமது அஸ்வர் மூன்றாவது முறை போனபோதும் பையன் குளித்துக்கொண்டிருந்தான்.

முதல் முறை அதில் ஒன்றும் தோன்றவில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். தைலமரக் காட்டை ஒட்டி ஒற்றை வீடு. மண்பாதையில் வண்டி வரும் சத்தம் வெகுதூரம் கேட்கும். அஸ்வர் பைக்கை நிறுத்தும்போதே கொல்லையில் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பையனின் தாய் செல்வராணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, குளிக்கிறான், உட்காருங்கள் என்றாள். அன்று அஸ்வருக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. கொடியில் பையனின் சட்டைகள் காய்ந்தன. ஜன்னலில் அவன் சீப்பு இருந்தது. சுவரோரம் பாய். ஒரு பிள்ளை வீட்டில்தான் தங்குகிறான் என்பதற்கு என்னென்ன பார்க்க வேண்டுமோ, எல்லாம் இருந்தன. ‘சிறுவன் வீட்டில் உள்ளார், உடல்நலம் நன்று’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினான்.

அஸ்வர் நன்னடத்தை அலுவலர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் குற்றத்தில் சிக்கினால், இளைஞர் நீதிக் குழுமம் சிலரை வீட்டுக்கே அனுப்பிவிடும். அவர்கள் சொன்ன இடத்தில் இருக்கிறார்களா, பழைய கூட்டாளிகளோடு திரிகிறார்களா என்று மாதாமாதம் போய்ப் பார்த்து எழுதுவது அவன் வேலை. இந்தப் பையன் உதயசூரியன், பதினேழு வயது. பெரிய பையன்கள் இருவரோடு சேர்ந்து ஒரு பைக்கைத் தூக்கினான். ஓராண்டுக் கண்காணிப்பு. பத்து மாதம் பரிமளா என்ற அலுவலர் பார்த்தார். அவர் மாறுதலில் போன பிறகு கோப்பு அஸ்வரிடம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமையோடு ஆண்டு முடிகிறது. பையன் ஒழுங்காக இருந்தான் என்று கடைசி அறிக்கை போனால் வழக்கு மூடப்படும். இல்லை என்று போனால் அரசு இல்லத்தில் அடைப்பார்கள்.

இரண்டாவது முறை போனது பிற்பகல் இரண்டு மணிக்கு. அப்போதும் பையன் குளித்தான். அஸ்வர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். சமையலறை வாசலில் ஒரு தட்டில் சோறு பாதி தின்று வைத்திருந்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது, கட்டையான குரல். பிறகு அலுவலகத்திலிருந்து போன் வரவே அதே வரியை எழுதிவிட்டுக் கிளம்பினான். பாதி வழியில் பைக்கை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். ஏன் என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. குளிக்கிறவன் அசைவான். தோளில் விழுந்து சிதறும் தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு, மூச்சு வாங்குவான், தேய்ப்பான். அந்தத் தண்ணீர் ஒரே சீராக, ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு சத்தத்தை அஸ்வர் முன்பு ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான். பத்து மாதத்துக்கு முன், அறந்தாங்கியில், இறந்துபோன அவன் மனைவி பாசிலாவின் மய்யித்தைப் பெண்கள் குளிப்பாட்டியபோது, அவன் திரைக்கு வெளியே நின்றிருந்தான்.

மறுநாள் பரிமளாவுக்குப் போன் செய்தான். அவர் கோப்பில் பத்து அறிக்கைகள் இருந்தன. முதல் நான்கு மாதம் பையன் அலுவலகத்துக்கே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். அப்புறம் வண்டி வசதி இல்லை என்று அவன் அம்மா சொன்னதால் இவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆறு முறை. ஆறு முறையும் குளியல்.

"ஒரு தடவையாச்சும் மொகத்தப் பாத்தீங்களா மேடம்?"

"பதினேழு வயசுப் பையன் குளிக்கிற எடத்துல நான் எப்படி சார் போயி எட்டிப் பாக்குறது? தண்ணி சத்தம் கேட்டுச்சு. இருமுனான். எழுதிட்டு வந்தேன்."

"நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றான் அஸ்வர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனான். பைக்கைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். தைலமரங்களுக்கு இடையில் காற்று இல்லை. வீட்டில் சத்தமே இல்லை. வாசலில் யாரையும் காணோம். அவன் வேலிப் படலைத் தொட்டு நகர்த்தினான். உள்ளே யாரோ வெறுங்காலோடு ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி கொல்லையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

செல்வராணி வந்தாள். குளிக்கிறான் என்றாள். அஸ்வர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இன்று வேறு வேலை இல்லை, அவன் வந்த பிறகு போகிறேன் என்றான்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். பையன் காலையில் ஐந்து இட்லி தின்றதைச் சொன்னாள். ராத்திரி மின்விசிறிக்காகத் தங்கையோடு சண்டை போட்டதைச் சொன்னாள். நடுவில் கொல்லைப் பக்கம் திரும்பி, கோபமில்லாத குரலில் அதட்டினாள். "ஏய் உதயா, சாரு காத்துக்கிருக்காரு. வெரசா வாடா." உள்ளேயிருந்து இருமல் பதிலாக வந்தது.

கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. தண்ணீர் நிற்கவில்லை. ஒரு மொள்ளல், ஒரு இடைவெளி, ஒரு மொள்ளல். பிறகு குவளை டிரம்மின் அடியில் உரசியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆனால் குவளை நிற்கவில்லை. வெறும் டிரம்மில் உரசி உரசி, காற்றை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது.

அஸ்வர் எழுந்தான். செல்வராணி வழியை மறித்து நின்றாள்.

"துணியில்லாம இருப்பான் சார்."

"நானும் ஆம்பளதாம்மா."

அவள் கையை நீட்டவில்லை, கத்தவில்லை. வழியிலிருந்து விலகவும் இல்லை. அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தடுப்பை நகர்த்தினான்.

உள்ளே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி குந்தியிருந்தாள். பதினொரு வயதிருக்கும். முழங்கால் வரை தொங்கும் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். சட்டையின் ஒரு பக்கம் தெறித்த நீரில் ஒட்டிக்கிடந்தது. கையில் குவளை. அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே, பழக்கத்தில், கட்டைக் குரலில் ஒரு முறை இருமினாள்.

உதயசூரியனின் தங்கை காவ்யா.

செல்வராணி எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். ஐந்தாம் மாதம் ஒருநாள் விடியலில் பையன் கிளம்பிப் போயிருக்கிறான். ரோட்டில் யாரோ பைக்கோடு நின்றார்களாம். இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் பரிமளா வந்துவிட்டார். அப்போது காவ்யா நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தாள். பையன் எங்கே என்று பரிமளா கேட்க, வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். இல்லை என்றால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களே. பரிமளாவும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. கொடியில் துணி கிடக்க வேண்டும். உடுத்தாத துணியைத் துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காவ்யாவை ஒருநாள் போட்டு அழுக்காக்கச் சொல்லி, பிறகு துவைத்தாள். ஒவ்வொரு சட்டையாக முறை வைத்து. ஆபீசர் என்றைக்கு வருவார் என்று தெரியாது. அதனால் மாதக் கடைசி ஒரு வாரம் காவ்யாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. சோறு போட்டு வைப்பது எப்போது தொடங்கியது என்று அவளுக்கே நினைவில்லை.

"யாருகிட்டயும் கேக்கலையாம்மா? தேடலையா?"

"எங்க போயிக் கேக்குறது சார்? வீட்டுல இருக்கான்னு நீங்க எழுதியிருக்கீக. போலீஸ்ல போயிக் காணோம்னு சொன்னா, எது பொய்யும்பாக?" அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "இன்னைக்கும் எழுதிருங்க. வெள்ளிக்கெழமையோட கேசு முடிஞ்சிரும்ல. எழுதுற வரைக்கும் இருக்கான் சார் அவன்."

எழுதிவிடலாம் என்றுதான் அஸ்வருக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு வரி. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் வீட்டுக் குடும்ப அட்டையில் பாசிலாவின் பெயர் இன்னும் இருக்கிறது. மாதாமாதம் இரண்டு பேருக்கான சர்க்கரையை வாங்கி வருகிறான். கொட்டி வைக்க டப்பா போதவில்லை. பாசிலாவை யாரும் தேட வேண்டியதில்லை.

"எட்டு மாசமா அவன யாருமே தேடலம்மா" என்றான். "இருக்கான்னு எழுதி வச்சிருக்கவன யாரு தேடுவா?"

அவள் இதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கல்லின் மேல் உட்கார்ந்தாள். அவன் எழுதினான். ‘சிறுவன் வீட்டில் இல்லை. எட்டு மாதங்களாக இல்லை.’ படித்துக் காட்டச் சொன்னாள். படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

காவல் நிலையத்துக்கு மூவரும் போனார்கள். ஆய்வாளர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். போன மாதம் வரைக்கும் பையன் நலமாக இருப்பதாக உங்கள் ஆபீசே எழுதியிருக்கிறதே, இப்போது வந்து எட்டு மாதமாகக் காணோம் என்றால் நான் எதைப் பதிவு செய்வது என்று கேட்டார். இரண்டு தாள்களை மட்டும் தனியே எடுத்துத் திருப்பி வைத்தார்.

"இதுல இருக்குறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். பாக்காம எழுதுனேன். அப்படியே எழுதித் தாரேன்."

வேலை போய்விடும், தெரியுமா என்றார் ஆய்வாளர். தெரியும் என்றான் அஸ்வர். ஒப்பந்த வேலைதான். வெள்ளைத்தாள் வாங்கி, நிற்கும் இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டான். அதன் பிறகுதான் எழுத்தர் பேனாவைத் திறந்தார். கடைசியாகப் பையனை எப்போது பார்த்தீர்கள், என்ன உடுத்தியிருந்தான் என்று செல்வராணியிடம் கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஊதாக் கட்டம் போட்ட சட்டை. காலையில் ஐந்து இட்லி தின்றான். மின்விசிறிக்குச் சண்டை போட்டான். எழுத்தர் நிறுத்தச் சொல்லி, அது என்றைக்கு என்று கேட்டார். நேற்று என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி முயன்றாள். வேறு ஒரு நாள் வந்தது, வேறு ஒரு சட்டை. அதுவும் அவன் போன பிறகு உள்ள நாள். எட்டு மாதமாக அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நாட்களுக்கு அடியில், உண்மையான அந்த விடியல் எங்கோ போய்விட்டது. அவள் அஸ்வரைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள்.

"மஞ்சா டீசர்ட்டு" என்றாள் காவ்யா.

எழுத்தர் நிமிர்ந்தார். உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"அது ஒண்ணுதான் நான் போடல."

எழுத்தர் எழுதினார். உயரம் என்ன என்று கேட்டார். காவ்யா பெஞ்சைவிட்டு எழுந்து, நுனிக்காலில் நின்று, தன் தலைக்கு மேல் ஓரிடத்தில் கையைத் தட்டையாக நிறுத்திக் காட்டினாள். எல்லோரும் அந்தக் கைக்குக் கீழே பார்த்தார்கள்.

செல்வராணி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இன்னொரு ஆளுக்கு இடம் விட்டாள்.