எம்மெட்டின் ஸ்கோப்பில் டார்லீன்

வில்லோ ஃபோர்க் துப்பாக்கிப் போட்டியில் மதியச் சாப்பாட்டுக்காகச் சுடுவதை நிறுத்தியிருந்தார்கள். லைல் ஹாக்ஸ்டாட் தன் நண்பன் எம்மெட்டின் துப்பாக்கி மேலிருந்த ஸ்கோப்பில், அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கியில், கண்ணை வைத்தபோது, ஆயிரம் கெஜத்துக்கு அப்பால், இலக்காக நட்டிருந்த வெள்ளையடித்த இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் லைலின் மனைவி டார்லீன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். அதே நேரம் அவள் அவனுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் நின்று, கிண்ணங்களில் சில்லி என்கிற காரமான கறிக் குழம்பை ஊற்றி, ஒவ்வொன்றோடும் இலவங்கப்பட்டை தூவிய ஒரு இனிப்பு ரொட்டிச் சுருளை வைத்துக்கொண்டிருந்தாள். லைல் திரும்பிப் பார்த்தான், இங்கே இருந்தாள். மறுபடி கண்ணை வைத்தான், அங்கேயும் இருந்தாள். அங்கே இருந்தவள் கொஞ்சம் கூடுதல் அழகாக இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. காற்று மேற்கிலிருந்து வழக்கமான வேகத்தில் அடித்தது.

மொன்டானாவின் இந்தப் பக்கத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: உன்னிடம் எத்தனை மாடு? அது ஒருவனின் சொத்துக் கணக்கைக் கேட்பது மாதிரி. செய்யக்கூடாத காரியமும் ஒன்று உண்டு: வர்ஜில் சாண்டே செய்த ஸ்கோப்பில் அதன் சொந்தக்காரன் தவிர வேறு யாரும் கண் வைக்கக்கூடாது. வர்ஜில் பழைய வெண்ணெய் ஆலைக் கட்டடத்தில் பட்டறை வைத்திருந்தார். கடுகடுப்பான ஆள். தன்னைவிட நன்றாகக் கண்ணாடி தேய்க்கிறவன் பிறக்கவில்லை என்று தானே சொல்லிக்கொள்வார், மறுக்கவும் ஆளில்லை. ஸ்கோப் வேண்டுமென்று போனால் துப்பாக்கியைப் பற்றி முதலில் கேட்க மாட்டார். ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் பகல் முழுக்க உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, உங்கள் கண் எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் உங்கள் குண்டின் எடை, வெடிமருந்தின் அளவு, கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரம் எல்லாம் கேட்டு, ஸ்கோப்பின் மேலே தூரத்துக்கேற்பத் திருப்பும் குமிழில் உங்களுக்கான தூரக் கோடுகளைச் செதுக்குவார். அந்தக் குமிழ் உங்கள் துப்பாக்கிக்கு மட்டும்தான் சரிப்படும், அடுத்தவன் துப்பாக்கியில் மாட்டினால் குண்டு மேகத்தைத் தேடிப் போகும். கண்ணாடியும் அப்படித்தான். சொந்தக்காரனுக்கு இலக்கு துல்லியமாகத் தெரியும். மற்றவர்கள் பார்த்தால், அவன் கண் இத்தனை வருஷமாக எதன் பின்னால் அதிகம் போனதோ அது தெரியும். புராட்டஸ்டண்ட் சபையின் பாஸ்டர் நோர்டாலின் ஸ்கோப்பில் பக்கத்து ஊர் கத்தோலிக்கர்களின் பெரிய கோயில் தெரிவதை ஒரு தடவை பார்த்துவிட்ட பிறகுதான், ஊரே கூடி இந்தக் கட்டுப்பாட்டைப் போட்டது.

லைல் இதையெல்லாம் நம்பியதில்லை. டிராக்டர் டயர் விற்கிறவன், எது எங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது என்று தெரிந்தவன். அவனுடைய ஸ்கோப் கடையில் வாங்கியது. அதே அச்சில் லட்சக்கணக்கில் வந்ததில் ஒன்று. அதில் யார் பார்த்தாலும் ஒன்றே தெரியும், கெட்டுப்போனால் கடைக்காரன் கேள்வி கேட்காமல் வேறு கொடுப்பான். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவனும் எம்மெட்டும் சேர்ந்தே சுட்டார்கள், சமமாகவே சுட்டார்கள். எம்மெட் டோஃப்டே பார்லி பயிரிடுகிறவன், கல்யாணமாகாதவன், ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்ததற்கு அறுவடை வரை காத்திருக்கிற ரகம். அவன் வர்ஜிலிடம் ஸ்கோப் செய்து வாங்கிய வருஷத்திலிருந்து கோப்பை அவன் வீட்டுக்கே போனது. லைலுக்கு வயிறு எரிந்தது. வெளியே சிரித்துக் கைகொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டிக்குள் எம்மெட்டின் கண்ணாடியைத் திட்டிக்கொண்டே ஓட்டுவான். பக்கத்தில் டார்லீன் உட்கார்ந்திருப்பாள். அவள்தான் போட்டியில் அவன் தோளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, தரையில் எழும் கானலின் சாய்வைப் பார்த்துக் காற்று எவ்வளவு என்று சொல்கிறவள். அவள் சொன்ன காற்று தவறியதில்லை. லைல் தவறினால் அது கண்ணாடியின் குற்றம்.

எம்மெட் கழிப்பறைக்குப் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் லைல் கண் வைத்தது அந்த ஸ்கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். தெரிந்துகொண்டான். போதாததற்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் அசைந்தால் தெரியட்டும் என்று எல்லோரும் திருகின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைப்பது வழக்கம். எம்மெட்டின் திருகில் இருந்தது பவழ நிறம். டார்லீனின் நகத்தில் இருந்ததும் பவழ நிறம். அன்று சாயங்காலம் லைல் அவளுடைய நகப்பூச்சுக் குப்பியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்து, இது எம்மெட்டின் துப்பாக்கிக்கு எப்படிப் போனது என்று கேட்டான்.

டார்லீன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "நம்ம ஊர்ல இருக்கறது ஒரே மருந்துக்கடை. அங்க வர்றது ஒரே கலர். பாஸ்டர் துப்பாக்கியிலயும் அதேதான் இருக்கு. போய் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

லைல் கேட்கவில்லை. ஆனால் தான் பார்த்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. டயர் மாற்ற வந்தவனிடம் சொன்னான், அவன் காப்பிக் கடையில் சொன்னான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்கள் கட்டுப்பாட்டைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டு எம்மெட்டின் துப்பாக்கிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் டார்லீனைப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பனியில் வண்டிக் கண்ணாடியைச் சுரண்டுகிற டார்லீன், ஒருவருக்குத் தேவாலயத்தில் கொட்டாவியை அடக்குகிற டார்லீன். எம்மெட் காது வரை சிவந்துபோய்த் தள்ளி நின்றான். கேட்டவர்களிடம், "எனக்கு அதுல தகடுதான் தெரியுது" என்றான். பொய்யில்லை. அவன் ஆயுளில் டார்லீனிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். கடைசியில் டார்லீனே போய்ப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அந்த ஈரத் தலை, ஜூலை நாலாம் தேதி நீர்த்தேக்கத்தில் எல்லோருமாகக் குளிக்கப் போன அன்றைக்கு என்று அடையாளம் சொன்னாள். "நீயும்தான் அன்னிக்கு பக்கத்துல நின்னே, லைல்" என்றாள். லைலுக்கு அது நினைவில் இல்லை. எம்மெட் அன்று புது டிரக்கில் வந்திருந்தான் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

அதற்குப் பிறகு லைலுக்கு ஒரே வெறி. எம்மெட்டின் கண் அவளைப் பார்த்தது என்றால், கட்டிய புருஷனின் கண் எவ்வளவு பார்த்திருக்கும், அதை ஊருக்குக் காட்ட வேண்டாமா? கண்ணாடி எல்லாம் ஒன்றுதான் என்று இருபது வருஷம் பேசியதை விழுங்கிக்கொண்டு வர்ஜிலின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வர்ஜில் பகல் முழுக்க அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்திருக்கும்போது, கடைச் சரக்கே உனக்குப் போதும், அதுதான் உனக்கு நல்லதும்கூட என்றார். லைல் அதை அவமானமாக எடுத்துக்கொண்டான். செய்துதான் தர வேண்டும் என்று அடம்பிடித்து, இரண்டு குளிர்காலம் காத்திருந்தான். அந்த இரண்டு குளிர்காலமும் டார்லீனிடம் சரியாகப் பேசவில்லை. அவள் எங்கே போனாலும் எங்கே என்று கேட்டான், கேட்காத நேரத்தில் எம்மெட்டின் வீட்டுப் பக்கம் வண்டியை விட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். அவள் இந்தப் போட்டி முடியட்டும் என்று மட்டும் தன் தங்கையிடம் சொல்லி வைத்திருந்தாள். முடிந்த பிறகு என்ன என்று தங்கையும் கேட்கவில்லை, தன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து வைத்தாள்.

ஸ்கோப் வந்தது. போட்டியன்று சாப்பாட்டு நேரத்தில் லைல் துப்பாக்கி வெடிக்காதபடி அதன் போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோரையும் கூப்பிட்டு, முதலில் டார்லீன்தான் பார்க்க வேண்டும் என்றான். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாயில் படுத்துக் கண்ணை வைத்தாள். குமிழை மெதுவாகத் திருப்பினாள். துப்பாக்கியை இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் நகர்த்தினாள். லைல் சிரித்த முகத்தோடு நின்றான்.

"யார் தெரியுறா, சொல்லு" என்றான்.

"எம்மெட்" என்றாள் டார்லீன்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அவள் கண்ணை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனாள். எம்மெட்டோட டிரக். எம்மெட்டோட பார்லி வயல். எம்மெட் கோப்பை வாங்குறான். எம்மெட் கழுத்துக்குப் பின்னால மச்சம் ஒண்ணு இருக்கு, எனக்கு இத்தனை நாள் தெரியாது. நீர்த்தேக்கமும் இருக்கு, கரையில நம்ம துண்டுகூட கிடக்கு.

"நான் எங்கயாவது ஒரு ஓரத்துல இருப்பேன்னு பார்த்தேன், லைல்" என்றாள் எழுந்து நின்று. "இருபது வருஷம். ஒரு ஓரத்துலகூட இல்ல."

பாஸ்டர் பார்த்தார், எம்மெட்தான் தெரிந்தான். எம்மெட்டையும் பார்க்கச் சொன்னார்கள். அவன் குனிந்து தன்னையே தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். டார்லீன் அன்றைக்கே தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோனாள். இனி எம்மெட்டுக்குத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. எம்மெட்டும் அப்படித்தான் நினைத்தான் போலிருக்கிறது, வீட்டுக்கு வெள்ளையடித்தான், ஒரு நாள் பூங்கொத்தோடு படியேறிப் போய்க் கதவைத் தட்டினான். டார்லீன் பூக்களை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்த நேரத்தில் ஒரு தடவையாவது பேசியிருக்கலாம் என்று சொல்லி, நன்றாகவே பேசி, அனுப்பிவிட்டாள். மறுநாள் அவள் வர்ஜிலின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வர்ஜில் சாயங்காலம்வரைகூடக் காத்திருக்கவில்லையாம், மதியத்துக்கே போதும் என்று எழுந்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

அடுத்த வருஷம் அவள் தன் துப்பாக்கியோடு போட்டிக்கு வந்தாள். காற்றுச் சொல்ல அவளுக்கு ஆள் தேவைப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொன்னாள். லைல் முதலில் படுத்துப் பார்த்தான், பிறகு எம்மெட். அதில் தெரிந்தது வெள்ளைத் தகடு. அதைச் சுற்றிக் காற்றில் சாய்ந்த புல், தரையிலிருந்து எழுந்து கிழக்கே வழிகிற கானல். சொந்தக்காரி பார்த்தாலும் அதுதான், மற்றவர்கள் பார்த்தாலும் அதுதான். அன்று கோப்பை அவளுக்குப் போனது, பிறகு வந்த வருஷங்களிலும் அவளுக்கே போனது, ஊர் அதற்குப் பழகிவிட்டது.

இன்றும் போட்டி நாளில் லைல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்பான். அவள் பார்த்துக்கொள் என்பாள். தகட்டுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், புல்லுக்குள், தூரத்து வேலி வரைக்கும் பொறுமையாகத் தேடுவான். அதில் அவன் இருக்க மாட்டான். எம்மெட்டும் இருக்க மாட்டான் என்பதை உறுதிசெய்துகொண்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, முகம் தெளிந்து போவான். அவனுக்குப் பின்னால் எம்மெட் வரிசையில் நிற்பான்.