திருத்தப்படாத படம்

கல்லூரிக்குள் ஜெராக்ஸ் கடை நடத்துபவளுக்கு முகம் கிடையாது. "அக்கா, ரெண்டு பக்கமும் போடுங்க", "அக்கா, ஸ்பைரல்", "அக்கா, கிளாஸுக்கு நேரமாச்சு." ஆறு வருஷமாக என்னிடம் பேசப்பட்ட பேச்சு இவ்வளவுதான். நான் மட்டும் அவர்களுடைய கைகளைக்கூட அடையாளம் சொல்வேன். எந்தக் கை நகம் கடிக்கும், எந்தக் கை பேனா மையோடு வரும், எல்லாம் அத்துப்படி. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மாணவர்கள் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். புகைப்படமும் இணையத்தில் பரவும் பொய்யும் என்று தலைப்பு. நாற்பது படங்கள். போலி என்றால் ஓரத்தில் சிவப்பு வட்டம், உண்மை என்றால் பச்சை வட்டம். எல்லாவற்றையும் அச்சடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய பிரிண்டர் படத்தைக் கீழிருந்து மேலாகத் துப்பும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருபத்தெட்டாவது படம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஈரத் தரை. பிறகு தரையில் விழுந்து கிடக்கும் ஒரு பெரியவரின் கால். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி, குடையோடு நடந்து போகிற ஒரு பெண்ணின் செருப்பு. செருப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது என் செருப்பு.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய படம் அது. ஒரு சந்துக்குள் அந்தப் பெரியவர் மயங்கி விழுந்தார். நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அந்தச் சந்து கண்ணில் படாது, வண்டி தாண்டிப் போய்விடும் என்று, போனில் வழி சொல்லிக்கொண்டே தெருமுனைக்கு நடந்தேன். அந்த நடையை எதிர் மாடியிலிருந்து யாரோ புண்ணியவான் எடுத்து, 'கல்நெஞ்சக்காரி' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். வண்டி வந்ததையும், ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை நான் தூக்கியதையும் எடுக்க அவருக்கு நேரமில்லை போல.

கல்லூரியில் ஒருவர்கூட அந்தப் படத்தையும் என்னையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அடையாளம் கண்டது என் தங்கை மட்டும்தான். "எங்க வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. நான் எந்த மூஞ்சியோட இருக்கிறது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "போட்டோல இருக்கறது நீதானே?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதோடு போனை வைத்தவள் இன்றுவரை எடுக்கவில்லை. எனக்கு வேறு யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் மகள் இந்த வருஷம் இதே கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். என் கடைக்கு எதிர்க் கட்டடத்தில்தான் வகுப்பு. ஜெராக்ஸ் எடுக்க மட்டும் கேட்டுக்கு வெளியே இருக்கிற கடைக்குப் போவாள். அவள் போவதையும் வருவதையும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் கண்காட்சியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்ற நோட்டீஸையும் நானேதான் அச்சடித்தேன். அவள் வந்து பார்க்கப் போகிற படத்தில் பச்சை வட்டம் இருந்தது. கீழே, 'சரிபார்க்கப்பட்டது: உண்மையான படம்.'

படங்களை வாங்கிப்போக வந்தவள் கண்காட்சிப் பொறுப்பாளர். மற்ற பிள்ளைகள் அவளைத் தலைவி என்று கூப்பிடுவார்கள். நாலு நாள் தூங்காத கண்.

"இந்தப் படம் பொய்ம்மா. பச்சையை எடுத்துடுங்க," என்றேன்.

"இல்லக்கா, மூணு விதமா செக் பண்ணியாச்சு. ஒரு புள்ளியக்கூட மாத்தல. ஒரிஜினல் ஃபைலே எங்ககிட்ட இருக்கு."

"படத்த மாத்தலம்மா. கதைய மாத்திட்டாங்க. அது நான்தான்."

தலைவி படத்தைப் பார்த்தாள். பிறகு, ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒரு மாணவி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இவங்க ஒல்லியா இருக்காங்களேக்கா," என்றாள் தயக்கத்தோடு.

தனியாகச் சாப்பிடுகிறவள் ஒன்று இளைப்பாள், இல்லையென்றால் பெருப்பாள். நான் இரண்டாவது ஜாதி. இதையெல்லாம் அவளிடம் விளக்க முடியுமா?

"கோச்சுக்காதீங்க. இது எங்க பக்கத்து வீட்டுக்காரி, இது எங்க டீச்சர்னு முப்பது பேர் எழுதியிருக்காங்க. யார நம்பறது? ஆம்புலன்ஸ கூப்பிட்டதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அந்தப் போனே இப்போது இல்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் அவ்வளவு பெரிதாக அச்சான படத்தில், செல்போன் திரையில் தெரியாத ஒன்று தெரிந்தது. ஓரத்துக் கடையின் கண்ணாடிக் கதவில் என் மறுபக்கம் விழுந்திருந்தது. காதில் போன். விரலை வைத்துக் காட்டினேன்.

தலைவி குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சூப்பர்க்கா! இத யாருமே கவனிக்கல. ஆனா யார்கிட்ட பேசறாங்கன்னு படத்துல இல்லையே. பேசறது மட்டும்தானே இருக்கு? இருக்கறத மட்டும்தான் நாங்க எழுதலாம்."

ஒரு அம்புக்குறி வரைந்து, 'கண்ணாடியில் கவனியுங்கள்: போனில் பேசிக்கொண்டே போகிறார்' என்ற வரியையும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். என் வாயில் மண்ணை நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் கெட்டவள் இல்லை. கவனமானவள். அந்தக் கவனத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு அட்டை அடித்தேன். அவர்கள் போட்ட அதே எழுத்து, அதே அளவு. 'இவர் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டு போகிறார். வண்டி ஏழு நிமிடத்தில் வந்தது. இது நான்.' கடையைச் சாத்திவிட்டுக் கண்காட்சிக்குப் போய்ப் படத்துக்குக் கீழே ஒட்டினேன். பக்கத்திலேயே நின்றேன். கூட்டம் வந்தது. இரண்டு பேர் அட்டையைப் படித்தார்கள். 'இது நான்' என்று இருக்கிறதே, அந்த நான் யார் என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தலைவி வந்து அட்டையைப் பிய்த்தாள். சுவரில் கோந்து படாமல், பதமாகப் பிய்த்தாள்.

"ஆதாரம் இல்லாம எதையும் ஒட்டக்கூடாதுக்கா. அதுக்குத்தானே இந்தக் கண்காட்சியே வெச்சிருக்கோம்," என்று கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

போய்விடலாம் என்று திரும்பியபோது தங்கை மகள் உள்ளே வந்தாள். கூட மூன்று தோழிகள். நான் நகரவில்லை. அவளிடம் ஒரே ஒரு தடவை என் வாயால் சொல்லிவிட்டால் போதும், அவள் போய் அம்மாவிடம் சொல்வாள் என்று ஓர் ஆசை.

அவர்கள் இருபத்தெட்டாவது படத்துக்கு வந்தார்கள். ஒரு தோழி வாய்விட்டுப் படித்தாள். "ச்சே! ஒருத்தர் விழுந்து கெடக்காரு, இந்தம்மா ஜாலியா போன் பேசிட்டுப் போகுது பாரு. இதெல்லாம் மனுஷ ஜென்மமா?"

தங்கை மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணோடு கண் பார்த்தாள். அவளுக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது பத்து நாள் என் மடியில்தான் கிடந்தாள். பெரியம்மா, பெரியம்மா என்று ராத்திரியெல்லாம் அனத்துவாள். அவள் உதடு லேசாகத் திறந்தது. இப்போதும் அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன்.

தோழிகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படம் மறைக்குது," என்றாள்.

தள்ளி நின்றுகொண்டேன்.