பேராசிரியரின் பெருந்தமனி

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியின் சுவரைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களே சில சமயம் அதை அரித்துத் தின்றுவிடும். வேலி பயிரை மேய்கிற கதைதான். சுவர் இளைத்து, குழாய் உப்பி, ஒரு நாள் வெடிக்கும். அதுவரை மூச்சு காட்டாது. அந்த மேய்ச்சலில் ரத்தத்துக்குள் சிந்துகிற ஒரு புரதத்தைப் பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். பாதி ஆயுள் அதற்கே போயிற்று. இனி ஸ்கேன் எதற்கு, ரத்தப் பரிசோதனை போதும் என்று கட்டுரையும் எழுதியாகிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்காக வெளியே அலைவானேன் என்று ஆய்வகத்தார் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தார்கள்.

"சார், நல்லா இருக்கறவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் அந்தப் புரதம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு" என்றாள் ஆராய்ச்சி மாணவி.

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"நீங்கதான் சார்."

திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். அதே அளவு. புரதம் பொய் சொல்கிறதென்றால் பாதி ஆயுள் பாழ். மெய் சொல்கிறதென்றால் மீதி ஆயுள் பாழ். பேராசிரியர் யோசித்து, மெய்யாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். தமனியை அறுத்துத் தைத்துக்கொள்ளலாம். கட்டுரையைத் தைக்க முடியாது.

மனைவியின் தம்பி ஸ்கேன் டாக்டர்.

"எங்க பொழப்புல மண்ணப் போட வந்தவரு எங்க மெஷினுக்குள்ளயே படுத்துட்டாரே!" என்றான். பிறகு திரையைப் பார்த்தான். மனைவி கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, குழாய் புதுசு மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாப் பாருடா. கொஞ்சங்கூட வீங்கலையா?"

"இல்ல மாமா."

"ஓரமா, லேசா?"

"கொசுறு கேக்க இது என்ன காய்கறிக் கடையா?"

"இனிமே வீங்கலாம் இல்ல? புரதம் முன்கூட்டியே சொல்லுதோ என்னவோ."

"வாயக் கழுவுங்க" என்றாள் மனைவி. "உசுரு தப்பிச்சிருக்கு. எழவு வீட்டுல உக்காந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க!"

அவள் போனில் உறவுக்கெல்லாம் நல்ல சேதி சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். துக்கம் விசாரிக்க ஆளில்லாதவர் போல அவர் பின்னால் வந்தார்.

படியிறங்கும்போது நெஞ்சுக்கு நடுவே சுருக்கென்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். பெருந்தமனி வலி என்றால் முதுகுக்குப் பரவும். பரவுகிறதா என்று கூர்ந்து கவனித்தார். பரவுவது போலத்தான் இருந்தது. முகத்தில் களை வந்தது.

பிறகு ஓர் ஏப்பம் வந்தது. வலி போய்விட்டது.