ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

மீன் இன்றைக்கும் சாப்பிடவில்லை. போட்ட தீனி அதன் மூக்கை உரசிக்கொண்டு அடியில் போய்ப் படிந்தது. தீனி டப்பாவை மூடக்கூடத் தோன்றாமல் அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பெரிய மீனெல்லாம் இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கோமாளி மீன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. மற்ற மீன் தொட்டால் சுடுகிற கடற்சாமந்தியின் இழைகள்தான் அதற்கு வீடு, மெத்தை எல்லாம். அதைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போகாது. "வீட்டோட மாப்பிள்ளை" என்று அவர் மனைவி பெயரே வைத்துவிட்டாள். சுத்தம் செய்யக் கையை விட்டால் துரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பாய்ந்து வந்து கடிக்கும். அவள் வீடே அதிரச் சிரிப்பாள்.

அவள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவர் ஒரு சொட்டு அழவில்லை. "கல்லு மாதிரி இருக்காரே மனுஷன்" என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவருக்கும் அது சரியென்றுதான் பட்டது. பல் பிடுங்கிய கன்னம்போல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அவள் வளர்த்த இந்த மீனைச் சாகவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனசில் மிச்சம். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, தினமும் உப்பை அளந்து கரைத்து ஊற்றிவந்தார். கடல் மீனாயிற்றே!

அன்று கொழுந்தியாள் வந்தாள். சுருங்கிப்போன சாமந்தியையும், தொட்டி விளிம்பில் பூத்திருந்த உப்பையும் பார்த்தாள்.

"என்ன மாமா ஊத்துறீங்க?"

"உப்புத் தண்ணிதான். அளவாத்தான் போடுறேன்."

"ஐயோ மாமா! காத்துல போறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளயேதான கெடக்கும்? அக்கா வெறும் நல்ல தண்ணிதான் ஊத்துவா. தெனமும் எதிர்ல உக்காந்துதான பேப்பர் படிச்சீங்க?"

ஆமாம், எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் சொம்பு இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதில் என்ன தண்ணீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒரேயடியா ஊத்திடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா."

அப்படியே ஊற்றினார். கொழுந்தியாளும் தினம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒரு காலையில் சாமந்தி லேசாக விரிந்திருந்தது. அடியில் கிடந்த பழைய தீனியை எடுக்கக் கையை விட்டார். சுருக்கென்றது.

"என்னாச்சு மாமா?" என்றாள் கொழுந்தியாள், சமையலறையிலிருந்து.

"கடிக்குது" என்றார். குரல் பாதியில் உடைந்தது.

கையை எடுக்கவில்லை. மீன் இழைகளுக்குள் போய்ப் புகுந்தது. திரும்பி, மறுபடியும் அந்த விரலை நோக்கியே வந்தது.